மயிலாப்பூர்ச் சேமிப்பும் லண்டன் சூதாட்டமும்

பணம் இருக்கும் நாட்டிலிருந்து இல்லாத நாட்டுக்கு மூலதனம் தானாகவே பாயும், காலப்போக்கில் இரண்டும் சமமாகிவிடும் என்பது பொருளியல் பாடப்புத்தகங்கள் தரும் நம்பிக்கை. சென்னையின் வரலாறு அதற்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. இரண்டு நாள் முன்புதான் அதன் லண்டன் கூட்டாளி மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டிருந்தார். பாரி, பின்னி ஆகியவற்றுக்கு இணையாக மதிக்கப்பட்ட வெள்ளைக்கார நிறுவனம் அது. ‘துரை கம்பெனி மோசம் போகாது’ என்று நம்பி, ஓய்வுபெற்ற ஊழியர்களும் வக்கீல்களும் கைம்பெண்களும் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். அந்தப் பணம் கடல் கடந்து லண்டன் ஊக வணிகத்தில் கரைந்திருந்தது. ஏழை நாட்டின் சிறுவாடு பணக்கார நாட்டின் சூதாட்டத்துக்கு முதலாகியிருக்கிறது. லாபம் வந்திருந்தால் அங்கே தங்கியிருக்கும், நஷ்டம் மட்டும் இங்கே வந்து சேர்ந்தது.

இது ஒரு மோசடிக்காரரின் கதைதானே, இதில் உலக ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கம்பெனியின் மூத்த கூட்டாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது உண்மைதான். ஆனால் தண்டனை ஆளைத்தான் தொட்டது, அமைப்பைத் தொடவில்லை. அந்நியச் செலாவணித் தொழில் பெரும்பாலும் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வங்கிகளின் கையில் இருந்தது. மயிலாப்பூரில் டெபாசிட் ரசீதை வைத்திருந்தவருக்கு லண்டன் கணக்குப் புத்தகத்தை எட்டிப் பார்க்க வழியே இல்லை. அப்படியானால் இங்கே வந்த பிரிட்டிஷ் மூலதனம்? வந்தது, ரயில் பாதைகள் அதில்தான் உருவாயின. ஆனால் தொடக்கத்தில் அந்த முதலீட்டுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் இருந்தது. வருமானம் குறைந்தால் இந்திய வரிப்பணம் அதை ஈடுகட்டியது. ஆக, வந்த பணத்துக்கு அரசே காப்பு. போன பணத்துக்கு நாதியில்லை.

இதற்கு மயிலாப்பூர் தந்த மறுமொழி இந்தியன் வங்கி. லஸ் பகுதியில் வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் முதலும் சேர்ந்து, 1907 மார்ச்சில் அது பதிவாகி ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. சுதேசி என்பதாலேயே ஒரு வங்கி யோக்கியமாகிவிடுமா என்ற கேள்வியும் நியாயமானதே. 1913இல் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கி விழுந்தது. தொடர்ந்து பல சுதேசி வங்கிகள் மூடப்பட்டன. ஆனால் உள்ளூர் வங்கி தரும் நன்மை ஒழுக்கச் சான்றிதழில் இல்லை. எங்கே கடன் கொடுப்பது என்ற முடிவு, நஷ்டத்தைச் சுமக்கப்போகிறவர்களின் ஊரிலேயே எடுக்கப்படுவதில் இருக்கிறது.

மூலதனம் பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு ஏன் பாய்வதில்லை என்று பொருளியலாளர் ராபர்ட் லூகாஸ் 1990இல் ஒரு கட்டுரைக்கே தலைப்பிட்டார். இன்றும் வளரும் நாடுகள் தங்கள் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பெரும்பங்கைப் பணக்கார நாடுகளின் கடன் பத்திரங்களில் குறைந்த வட்டிக்குப் போட்டுவைக்கின்றன. கடன் வாங்கும்போது கூடுதல் வட்டி கொடுக்கின்றன. பாதுகாப்புக்கு அவை தரும் விலை இது என்பார்கள். ஆர்பத்நாட்டில் பணம் போட்டவர்களும் பாதுகாப்பைத் தேடித்தான் போனார்கள். அந்தக் கம்பெனி இருந்த கடற்கரைச் சாலை இடமே பின்னாளில் இந்தியன் வங்கியின் தலைமையகமானது. இடம் கைமாறிவிட்டது, பத்திரமான இடம் வெளியூரில்தான் இருக்கிறது என்ற நினைப்பு இன்னும் மாறவில்லை.