ஓராண்டு ஓடிய கடிகாரங்கள்

ஊசல் ஆடும் பழைய சுவர்க்கடிகாரங்களுக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுப்பது வழக்கம். அவற்றின் சுருள்வில் உண்மையில் எட்டு நாள் தாங்கும். ஞாயிறன்று மறந்தவர் திங்களன்று கொடுத்துக்கொள்ளலாம். மனித மறதிக்கு அளித்த ஒருநாள் சலுகை அது. எட்டு நாள் ஓடச் செய்தவர்களால் ஓராண்டு ஓடச் செய்ய இயலாதா?

இயலும், ஆனால் அதற்கு விலையுண்டு. கயிற்றில் தொங்கும் பளு தரையைத் தொடுவதற்குள் எத்தனை நாள் கடிகாரத்தை இயக்க வேண்டும் என்பதே கணக்கு. இடையில் ஒரு பற்சக்கரத்தைக் கூட்டினால் பளு மெதுவாக இறங்கும், ஓட்டம் நீளும். ஆனால் ஊசலைச் சென்றடையும் விசை குறையும். எட்டு நாளில் இறங்கிய பளு ஓராண்டு முழுவதும் இறங்குமாயின், நாளொன்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 45-இல் ஒரு பங்கே. சரி, பளுவைக் கூட்டுவோம் என்றால் அச்சுகளில் உராய்வும் கூடிவிடுகிறது.

இத்தனை இடரையும் ஏற்று ஓராண்டுக் கடிகாரம் வேண்டுமென்று ஒருவர் கேட்டதற்குக் காரணம் சோம்பல் அன்று. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1675-இல் கிரீனிச் வானாய்வகத்தை நிறுவி, ஜான் ஃபிளாம்ஸ்டீட் என்பவரை அரச வானியலாளராக நியமித்தார். ஊதியம் தந்த மன்னர் கருவிகள் தரவில்லை! (அரசுகளின் இயல்பு அன்றும் இன்றும் ஒன்றே.) ஜோனாஸ் மூர் என்னும் புரவலர் தம் செலவில், தாமஸ் டாம்பியன் என்ற கைவினைஞரிடம் இரு கடிகாரங்களைச் செய்வித்துக் கொடுத்தார். 1676-இல் அவை சுவரில் பொருத்தப்பட்டன. ஊசலின் நீளம் 13 அடி. ஓர் ஆட்டத்திற்கு 2 நொடி. ஆண்டு முழுவதும் ஓடினால் 1 கோடியே 57 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள்!

இக்கடிகாரங்களில் நம் திருச்சபை மகன் ஒருவரின் பங்கும் உண்டு. பொதுவாக, ஊசலின் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பல்லை விடுவிக்கும் உறுப்பு, சக்கரத்தைச் சற்றே பின்னுக்கும் தள்ளிவிடும். அந்தப் பின்வாங்கல் இல்லாத அமைப்பை வகுத்துத் தந்தவர் லங்காஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் டவுன்லி. கத்தோலிக்கர்க்கு அரச பதவிகள் மறுக்கப்பட்ட அந்நாட்டில், தம் பரம்பரை இல்லத்திலிருந்தே அறிவியல் வளர்த்த கத்தோலிக்கர் அவர். ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்ற ஃபிளாம்ஸ்டீட் தம் ஐயங்களையெல்லாம் அவருக்கே கடிதமாக எழுதினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஃபிளாம்ஸ்டீட் அறிய விரும்பியது இதுதான்: பூமி ஆண்டு முழுவதும் ஒரே சீராகச் சுழல்கிறதா? கோடையில் விரைந்து குளிரில் தயங்குமாயின், விண்மீன்களைக் கொண்டு காலம் கணிப்பதே பிழையாகும். ஒரே விண்மீன் ஒரே இடத்தைக் கடக்கும் இடைவெளியை மாதக்கணக்கில் அளக்க வேண்டும். சாவி கொடுக்கையில் பளுவின் இழுப்பு விலகிக் கடிகாரம் தடுமாறலாம். நடுவே நின்றுவிட்டால் கணக்கின் தொடர் அறுந்துபோகும். ஆகவேதான் ஓராண்டு ஓட்டம். ஆயினும் தூசியும் குளிரும் அவற்றை நிறுத்தத்தான் செய்தன.

பூமி சீராகவே சுழல்கிறது என்று அவர் முடிவு கண்டார். 1930களில் குவார்ட்ஸ் கடிகாரங்கள் அதைத் திருத்தின: பருவத்திற்கேற்ப நாளின் நீளம் ஆயிரத்தில் ஒரு நொடி அளவுக்கு மாறவே செய்கிறது. நாளுக்குச் சில நொடிகள் பிசகக்கூடிய கடிகாரத்தால் அதனைக் கண்டிருக்க இயலாது.

1719-இல் ஃபிளாம்ஸ்டீட் மறைந்தபின், அவருடைய உடைமை என்று அவர் மனைவி அவற்றை எடுத்துச் சென்றார். பின்னர் ஊசலைக் குறுக்கி, இரண்டையும் வீட்டுக் கடிகாரங்களாக மாற்றினார்கள். இப்போது ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றொன்று கிரீனிச்சுக்கே திரும்பிவிட்டது.