பட்டியலா, பொதுக்கருவியா? தமிழ் நிரல் நூலகங்களில் வெளிச்சார்பு நீக்கம் குறித்து ஒரு மறுவாசிப்பு

திறமூல நிரல் நூலகத்தைப் புதுப்பிப்பது என்றால் வெளியார் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதுதான் என்ற கருத்து தமிழ்க் கணிமை எழுத்துகளிலும் வேரூன்றிவிட்டது. லெப்ட்-பேட் (2016), லாக்4ஜே (2021), எக்ஸ்இசட் (2024) என்று வெளியார் தொகுதிகளால் விளைந்த நெருக்கடிகளின் மூன்று பெயர்களை அடுக்கிவிட்டால் வாதம் முடிந்ததாகவே பலரும் கொள்கின்றனர். முடிவோடு எனக்குப் பிணக்கில்லை. அதை அளக்கும் முறையோடுதான் பிணக்கு. சார்புப் பட்டியலில் எத்தனை வரி குறைந்தது என்பதே அளவுகோல் என்றால், தமிழ் எழுத்தைக் கையாளும் நூலகம் ஒன்று ஒரு சார்பும் இல்லாமல், ஆனால் பிழையோடு வெளிவரக்கூடும்.

இதைக் காட்ட ஓர் ஊர்ப்பெயர் போதும். ஜோகூர் மாநிலத்தில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் இருக்கிறது காஹாங். கண்ணுக்கு மூன்று எழுத்து: கா, ஹா, ங். கணினி சேமிப்பதோ ஆறு குறிகள்: க, கால், ஹ, கால், ங, புள்ளி. பைத்தானிடம் நீளம் கேட்டால் 6 என்கிறது. இது யாவரும் அறிந்ததே. அதே சொல்லைப் பைத்தானோடு வரும் ‘ஆர்இ’ தொகுதியிடம் கொடுத்து ‘சொற்களைப் பிரித்துத் தா’ என்றால், அது க, ஹ, ங என மூன்று மொட்டை எழுத்துகளைத் தருகிறது. அத்தொகுதி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் உறுப்பாக ஏற்கிறது. காலும் புள்ளியும் யூனிகோட் வகைப்பாட்டில் எழுத்தல்ல, ஒட்டுக்குறி. ‘ரெஜெக்ஸ்’ என்னும் வெளித்தொகுதி ஒட்டுக்குறிகளையும் ஏற்பதால் காஹாங் முழுதாகக் கிடைக்கிறது.

ஆகவே ‘ரெஜெக்ஸை’ எடுத்துவிட்டு ‘ஆர்இ’யை வைக்கும் பராமரிப்பாளர் மாற்றுவது ஒரே ஒரு வரி. பிழைச்செய்தி எதுவும் எழாது. ஆங்கிலச் சொற்களை மட்டும் கொண்ட சோதனைகள் எல்லாம் தேறும். மலேசிய ஊர்ப்பெயர் அட்டவணை மட்டும் மொட்டை எழுத்துக் குப்பையாகிவிடும்.

இந்த இடத்தில்தான் முந்தைய ஆய்வுமரபு ஓப்பன்-தமிழ் நூலகத்தைத் தவறாக வாசித்தது என்று கருதுகிறேன். முத்து அண்ணாமலையின் எழில் நிரல்மொழிப் பணியோடு சேர்ந்து வளர்ந்த பைத்தான் நூலகம் அது. அதன் யூடிஎப்-8 பகுதியில் உயிர், மெய், அகர வரிசை, கிரந்தம், துணைக்குறிகள் எல்லாம் பட்டியல்களாகவே எழுதப்பட்டுள்ளன. எழுத்துப் பிரிப்புச் செயல்கூறு ஒவ்வொரு குறியாகப் படிக்கிறது. உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் புதிய எழுத்தைத் தொடங்குகிறது. துணைக்குறி வந்தால் முன்னெழுத்தோடு ஒட்டுகிறது. காஹாங் அங்கே மூன்றாகவே பிரிகிறது. இதை ‘கருவிகள் இல்லாக் காலத்துக் கைவேலை’ என்றும், ‘ரெஜெக்ஸ்’ போன்ற பொதுக்கருவி வந்தபின் நீக்கத்தக்கது என்றும் மதிப்பிட்டனர். பின்பு காற்று திசை மாறியபோது, அதே தரப்பினர் பொதுக்கருவியையும் நீக்கச் சொன்னார்கள். நடுவில் அந்தப் பட்டியல் என்ன வேலை செய்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அது செய்தது இலக்கண வேலை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், இவற்றோடு கிரந்தம் என எது எழுத்து என்ற முடிவை நூலகம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. யூனிகோட் வகைப்பாட்டிடம் அம்முடிவை ஒப்படைத்தால் சார்பு மறைவதில்லை, இடம் மாறுகிறது. பைத்தான் 3.7 யூனிகோட் 11இன் அட்டவணையைச் சுமக்கிறது, 3.8 சுமப்பது 12.1. 2019இல் தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைக் குறியீடுகளுக்கும் சேர்க்கப்பட்ட 51 குறிகளை முன்னது அறியாது, பின்னது அறியும். ‘உள்ளிருந்தே வருவது’ என்று நாம் நம்பும் கருவிக்கும் வெளியே ஒரு குழு இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது. ஓப்பன்-தமிழின் எழுத்துப் பட்டியல்களிலும் அக்குறிகள் இல்லை என்பார்கள். மெய்தான். ஆனால் பட்டியலின் அறியாமை நிரலிலேயே எழுதிக் கிடக்கிறது. படிப்பவர் அங்கேயே திருத்தலாம்.

பட்டியல் எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்லத் துணியேன். ஜோகூர் என்ற சொல்லின் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் இடலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். முதலாவதில் 6 குறி, இரண்டாவதில் 7. திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு சொற்கள். இதற்குப் பைத்தானோடு வரும் இயல்பாக்கச் செயல்கூறே தக்கது. தனியாக எழுதுவது வீண்.

க்ஷ ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்ற தடையைப் பெரிதாக்க வேண்டியதில்லை. யூனிகோட் 15.1 (2023) கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் வைக்கும் விதியைச் சில இந்திய வரிவடிவங்களுக்குத் தந்தபோது தமிழை அதில் சேர்க்கவில்லை. தேவைப்படும் நூலகம் தானே சேர்த்துக்கொள்ளட்டும். பட்டியல் மெதுவானது என்ற வாதம் அகராதி அளவிலான வேலைகளில் பொருட்படுத்தத்தக்கதன்று.

ஆகவே நீக்கங்களை ஒரே தட்டில் வைத்து எண்ணுவது பிழை. 2020 ஜனவரி 1இல் பைத்தான் 2க்கான ஆதரவு முடிந்தபின், இரு பதிப்புகளுக்கும் பாலமாயிருந்த ‘சிக்ஸ்’ தொகுதியைக் கழற்றுவது இழப்பில்லாத நீக்கம். ‘ரெஜெக்ஸ்’ நீக்கம் அப்படியல்ல. அதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்; ஆனால் ‘ஆர்இ’க்குள் யூனிகோடின் அடிப்படைத் தமிழ்ப் பகுதியின் 128 இடங்களையும் வெளிப்படையாகக் குறிக்கும் எழுத்து வகுப்பை எழுதிக்கொண்டு, எண்களையும் ரூபாய்க் குறியையும் கழித்துவிட்டே செய்ய வேண்டும். அப்போது காஹாங் முழுதாகத் திரும்பும். க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகிவிடாமல் ரிக்‌ஷா என்று எழுத இடையில் இடும் இணைப்புத் தடுப்புக் குறி மட்டும் அந்த 128க்கு வெளியே நிற்கிறது. அதையும் வகுப்பில் சேர்க்காவிட்டால் அச்சொல் இரண்டாக உடையும்.