காத்து ஏறின விரல்

எங்கள் உம்மம்மாவின் இடது கை நடுவிரல் குட்டையானது. கடுகண்ணாவை வீட்டுத் திண்ணையில் அதைப் பிடித்துக்கொண்டு காரணம் கேட்பேன். "காத்து ஏறின வெரல் மகன். மூணு வயசில வீங்கி, ஒடஞ்சி, தானா ஆறின" என்பார்.

வெறும் பேச்சு என்றே நினைத்திருந்தேன். மருத்துவ வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் 'காத்து'க்கு ஓர் உறவு இருப்பது தெரிந்தது. எலும்பை அரித்து உப்பச் செய்யும் நோயை அரபு மருத்துவர்கள் 'ரீஹுஷ் ஷவ்கா' என்றனர். முள்ளின் காற்று என்பது பொருள். அவர்களுடைய நூல்கள் லத்தீனுக்குப் போனபோது அப்பெயரும் போய் 'ஸ்பைனா வென்டோசா' ஆனது. பல எலும்பு நோய்களைக் குறித்த அப்பெயர், பிற்காலத்தில் குழந்தைகளின் விரலெலும்புக் காசநோய்க்கு நிலைத்தது.

காற்றல்ல, கிருமி என்பதை 1882இல் ரொபர்ட் கொக் காட்டினார். 1895இல் எக்ஸ்ரே வந்தபின், எலும்பு உள்ளே கரைந்து வெளியே பருப்பதைக் கண்ணால் காண முடிந்தது. சிறு பிள்ளைகளின் விரலெலும்பில் இரத்த ஓட்டம் மிகுந்த செம்மச்சை இருப்பதால், நுரையீரலிலிருந்து இரத்தத்தோடு வரும் கிருமி அங்கே தங்குகிறது. ஆறு வயதுக்குட்பட்டோரையே இது அதிகம் தாக்குகிறது. வீக்கம் பெரிது, வலி குறைவு. அதனால்தான் வீட்டார் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

மருந்தில்லாக் காலத்தில் ஓய்வும் கட்டும் வெயிலும்தான் வைத்தியம். சுவிட்சர்லாந்தின் லெய்சானில் ரோலியே 1903இல் வெயில் வைத்தியசாலையே திறந்தார். 1944இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிட்டும் வந்து நிலைமையை மாற்றின. இன்று மாண்டூ சோதனை, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிறு துண்டு எலும்பெடுத்துப் பரிசோதனை. பிறகு பல மருந்துகளை மாதக்கணக்கில் விடாமல் கொடுத்தால், பெரும்பாலும் வெட்டாமலே விரல் தேறும். நம் நாட்டு அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இது இலவசம்.

உம்மம்மாவுக்கு வந்தது இதுதான் என்று இனி நிரூபிக்க முடியாது. ஆனால் அவருடைய வாப்பா இருமி இருமியே மௌத்தானார். அந்த இருமலையும் இந்த விரலையும் வீட்டில் யாரும் சேர்த்துப் பேசியதில்லை. சம்பந்தம் பேச வருபவர்கள் காதில் விழக்கூடாதே என்ற பயம்.

பிள்ளைக்கு இந்நோய் பெரும்பாலும் இருமும் பெரியவரிடமிருந்தே வருகிறது. விரல் வீங்கிய பிள்ளையைக் கொண்டுபோகும்போது, வீட்டில் இருமுகிறவரையும் கூட்டிப்போங்கள். காத்து ஏறிச்சு என்று சொல்லி இருமலை மறைப்பது நம்மோடு முடியட்டும்.