திறக்கக் கூடாத பெட்டி: ஆற்றல் வடிவங்களும் ஃபைன்மனின் கட்டைக் கதையும்

ஆற்றல் வடிவங்களின் பட்டியலைப் பள்ளிப் பாடத்திலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்போரின் குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. 'வேதி ஆற்றல் மின் ஆற்றலாகி, பின் ஒளி ஆற்றலாகிறது' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு டார்ச் விளக்கைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பல வகுப்பறைகள் வடிவங்களைக் கைவிட்டு, 'சேமிப்பிடங்கள்', 'கடத்தும் வழிகள்' என்ற சொற்களுக்கு மாறிவிட்டன.

இத்தரப்பு தன் பக்கம் நிறுத்தும் பெரிய சாட்சி ரிச்சர்ட் ஃபைன்மன். 1961-இல் கால்டெக்கில் தொடங்கி 1963-இல் நூலாக வெளிவந்த இயற்பியல் விரிவுரைகளின் நான்காம் இயலில் அவர் சொன்ன கட்டைக் கதையே சான்று. அக்கதை வடிவங்களை நிராகரிக்கிறது என்ற வாசிப்பு ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கதையில் ஒரு சிறுவனிடம் உடையாத 28 கட்டைகள் இருக்கின்றன. அம்மா தினமும் மாலையில் எண்ணுகிறாள். எப்போதும் 28 வருகிறது. ஒருநாள் இரண்டு குறைகின்றன. சன்னல் திறந்திருக்கிறது, அவை வெளியே கிடக்கின்றன. இன்னொரு நாள் எண்ணிக்கை கூடிவிடுகிறது. விளையாட வந்த பையன் தன் கட்டைகளையும் விட்டுப் போயிருக்கிறான். பிறகுதான் சிக்கல். பொம்மைப் பெட்டியைத் திறக்க மகன் விடுவதில்லை. வெறும் பெட்டியின் எடை 16 அவுன்ஸ், ஒரு கட்டை 3 அவுன்ஸ் என்பதால் அம்மா பெட்டியை நிறுத்துக் கணக்கிடுகிறாள். அழுக்குத் தண்ணீர் நிறைந்த குளியல் தொட்டிக்குள்ளும் பார்க்க முடியாது. முதலில் 6 அங்குலமாக இருந்த தண்ணீர், ஒரு கட்டைக்குக் கால் அங்குலம் உயரும்.

ஒரு மாலைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தரையில் 19 கட்டைகள். பெட்டி 31 அவுன்ஸ். 16 போக 15, அதாவது 5 கட்டைகள். தண்ணீர் 7 அங்குலம். ஏறிய ஓர் அங்குலத்துக்கு 4 கட்டைகள். கூட்டினால் 28. இங்கே 'பெட்டி', 'தொட்டி' என்பவை கட்டையின் வகைகள் அல்ல; நீக்கக் கோருவோர் சொல்வது அதுவரை சரி. ஆனால் அவை வெறும் பெயர்களும் அல்ல. ஒவ்வொன்றும் கண்ணுக்கு எட்டாத ஓர் இடம், அந்த இடத்துக்கே உரிய ஓர் அளவுமுறை. தராசு தொட்டிக்கு உதவாது, அடிக்கோல் பெட்டிக்கு உதவாது. அந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் அம்மாவால் கூட்டவே முடியாது.

கதைக்குப் பிறகு ஃபைன்மன் கட்டைகளையே எடுத்துவிடுகிறார். ஆற்றல் இன்னதென்று இயற்பியலுக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். மறுதரப்பு இந்த இடத்தில் நூலை மூடிவிடுகிறது. ஆனால் அவரோ அதே இயலில் ஈர்ப்பு முதல் நிறை வரை ஒன்பது வடிவங்களைப் பெயர் சொல்லி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சூத்திரம் உண்டு என்கிறார். இயலின் பெரும்பகுதி எடை தூக்கும் எந்திரங்களைக் கொண்டு ஈர்ப்பு நிலை ஆற்றலின் சூத்திரத்தைக் கட்டி எழுப்புகிறது. வடிவங்களை வெறுத்தவர் எழுதும் இயல் இதுவல்ல.

1966-இல் நியூயார்க்கில் அறிவியல் ஆசிரியர்களிடம் பேசியபோது, சாவி கொடுத்த பொம்மை நாயை 'ஆற்றல் இயக்குகிறது' என்று சொல்லித்தந்த பாடநூலை அவர் கண்டித்தது உண்மை. அங்கும் அவர் சாடியது பொருள் புரியாமல் ஒப்பிக்கப்படும் சொல்லைத்தான்.

பதின்மூன்று வயதில் சூத்திரம் சுமையாகும் என்ற மறுப்பு நீண்ட பதிலுக்கு உரியதன்று. எடையை உயரத்தால் பெருக்குவது வெறும் பெருக்கல். ஒரு கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் தூக்கினால் சுமார் 9.8 ஜூல்.

பள்ளி ஆய்வகங்களுக்குப் பழக்கமான ஈயக்குண்டுச் சோதனை இந்த வாசிப்புக்குக் கைகொடுக்கிறது. இருபுறமும் மூடிய குழாயில் ஈயக்குண்டுகளை இட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு மீட்டர் விழும்படி 100 முறை தலைகீழாகக் கவிழ்த்தால், கணக்குப்படி அவற்றின் வெப்பநிலை சுமார் 7.6 டிகிரி செல்சியஸ் உயர வேண்டும். வெப்பநிலைமானி அதைவிடக் குறைவாகவே காட்டும். அப்போது மாணவர் அந்த அம்மாவைப் போலச் சன்னலைத் தேடத் தொடங்குகிறார்: குழாயின் சுவரா, பிடித்த கையா, சுற்றியுள்ள காற்றா? 'நிலை ஆற்றல்', 'வெப்ப ஆற்றல்' என்ற இரு பெயர்களும், இரு அளவுமுறைகளும் இல்லாமல் அந்தத் தேடலைத் தொடங்க முடியாது.

ஆற்றல் சிக்கனமும் இங்கேதான் பொருள்படுகிறது. அழியாத ஒன்றை ஏன் மிச்சப்படுத்த வேண்டும் என்று மாணவர் கேட்பது நியாயமான கேள்வி. 60 வாட் குண்டு பல்பு ஒரு மணி நேரத்தில் எடுக்கும் 0.06 யூனிட்டில் ஒரு துளியும் அழிவதில்லை. பெரும்பகுதி அறைக்காற்றின் வெப்பமாகப் பரவி, திரும்பத் திரட்ட முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது.

ஆகவே பட்டியலை நீக்குவதைவிட வினாத்தாளைத் திருத்துவதே முதல் வேலை எனத் தோன்றுகிறது. 'எந்த ஆற்றல் எதுவாக மாறுகிறது?' என்ற கேள்விக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: எதை வைத்து அளந்தீர்கள், எவ்வளவு கணக்கில் வரவில்லை?