தேசாதிபதி கொடுத்த சிங்காசனம்

கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் ஒரு சிலை நிற்கிறது. 1877-இல் அந்தக் கட்டடத்தைத் திறந்த ஆங்கிலத் தேசாதிபதி வில்லியம் கிரிகரியின் சிலை. அவரைத் தாண்டி உள்ளே போனால்தான் கண்டி அரசர்களின் சிங்காசனத்தைப் பார்க்க முடியும்.

மரத்தில் செதுக்கி, மேலே மெல்லிய பொன் தகடு போர்த்திய ஆசனம். கை வைக்கும் இடத்தில் இரு பக்கமும் சிங்கம். கண்களுக்குச் செவ்வந்திக்கல் பதித்திருக்கிறார்கள். சாய்மானத்தின் உச்சியில் சூரியன். சூரிய குலம் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு ஏற்ற வேலைப்பாடுதான். ஆனால் இதைக் கண்டிக்குக் கொடுத்தவர் ஒரு டச்சுக்காரர். கரையோரத்தை ஆண்ட டச்சுத் தேசாதிபதி தாமஸ் வான் ரீ, 1693 வாக்கில் இதை இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகத் தந்தார். கறுவாப்பட்டை தடையின்றி வந்துசேர மலைநாட்டு அரசனின் மனம் கோணாமல் இருக்க வேண்டும். டச்சுக்காரருக்கு அந்தக் கணக்கு தெரியும்.

தேசாதிபதி என்பது கவர்னருக்கு இலங்கைத் தமிழர் வைத்த பெயர். தேசத்துக்கே அதிபதி என்று சொல் சொல்கிறது. ஆனால் வான் ரீ டச்சுக் கம்பெனியின் ஊழியர். பின்னால் வந்த ஆங்கிலத் தேசாதிபதிகள் லண்டனில் இருந்த அரசனின் பதிலாட்கள். நியமனப் பத்திரம் கப்பலில் வரும், ஆள் மாறுவார், ஆட்சி நடக்கும். கண்டியில் அப்படி இல்லை. அரசனே வந்து உட்கார வேண்டும். 1762-இல் சென்னையிலிருந்து ஆங்கிலக் கம்பெனி அனுப்பிய ஜான் பைபஸ், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் முன்னால் முழந்தாளிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. அந்த அரசன் தமிழகத்திலிருந்து போன நாயக்கர் வழி. 1739 முதல் கண்டியை ஆண்டது அந்தக் குலம்தான்.

அந்தக் குலத்தின் கடைசி அரசன் கண்ணுசாமி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரில் 1798-இல் அரியணை ஏறியவர். பிரதானிகளைப் பகைத்துக்கொண்டார், கொடுமைகளும் செய்தார், அதை மறைப்பதற்கில்லை. ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியபோது, 1815 பிப்ரவரி 18-இல் பிடிபட்டார். மார்ச் 2-ஆம் தேதி, மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அரசுரிமை இனி ஆங்கில அரசருடையது; அவர் சார்பில் அதை நடத்துபவர்கள் இலங்கைத் தேசாதிபதிகள். பழைய அரசனின் ஆண் உறவினர் அனுமதியின்றி மலைநாட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. கையெழுத்திட்ட பிரதானிகள் பலரும், அரசன் போனாலும் தங்கள் அதிகாரம் தங்களிடமே இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும். ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1818 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் அதுவும் குறுக்கப்பட்டது.

தேசாதிபதி ராபர்ட் பிரவுன்ரிக் அந்தச் சிங்காசனத்தில் ஏறி உட்காரவில்லை. எவர் சார்பில் நாட்டைப் பிடித்தாரோ அவருடைய அரண்மனைக்கே அது கப்பலேறியது. ஆனால் கண்டியின் மகுடத்தையும் செங்கோலையும் தம் குடும்பச் சின்னத்தில் பொறித்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. இந்தச் செய்தியில்தான் என் மனம் ஆறவே இல்லை. உட்கார உரிமையில்லாத ஆசனத்தை எடுத்து அனுப்பியவருக்கு, அதன் மகுடம் மட்டும் படமாகச் சொந்தமானது.

சிங்காசனம் வின்ட்சர் கோட்டையில் இருந்தது. அரசனை 1816-இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே போரில் அகப்பட்ட இரண்டும் இரு கோட்டைகளில் அடைபட்டன. பதினாறு ஆண்டுகள் சிறையிருந்து, 1832 ஜனவரி 30-இல் அவர் அங்கேயே இறந்தார்.

1934-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகன் குளூஸ்டர் கோமகன் சிங்காசனத்தைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஏறத்தாழ 120 ஆண்டுகள் அது ஊரில் இல்லை. வந்தபோது உட்கார அரசன் இல்லை, தேசாதிபதி இருந்தார். 1948 பிப்ரவரியில் சுதந்திர இலங்கையின் முதல் பாராளுமன்றத்தை மன்னர் சார்பில் திறந்துவைக்க வந்தவரும் அதே கோமகன்தான். சுதந்திரத்தோடு தேசாதிபதி மகாதேசாதிபதி ஆனார். 1972-இல் குடியரசு வரும்வரை அந்தப் பதவி நீடித்தது.

வேலூரில் பாலாற்றங்கரையில், கடைசி அரசனின் கல்லறை உள்ள முத்து மண்டபம் இருக்கிறது. சிங்காசனம் கடல் கடந்து போய் ஊர் திரும்பிவிட்டது. கண்ணுசாமி இன்னும் அங்கேதான் இருக்கிறார்.