முட்டுக்கட்டை

மேடுபள்ளங்களில் உப்புவண்டி ஓட்டிய உமணர், வழியில் அச்சு முறியக்கூடும் எனக் கருதி, வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். புறநானூற்றில் ஔவையார் காட்டும் செய்தி இது. ஒன்று கைவிடின் மற்றொன்று காக்கும் என்னும் அவ்வறிவு கேமரன் மலைச் சரிவுகளிலும் தேவைப்பட்டது.

தாப்பாவிலிருந்து 1930களின் தொடக்கத்தில் சாலை அமைந்த பின்னரே இம்மலைக்கு மோட்டார் வண்டிகள் ஏறின. வடகோடியிலுள்ள கம்போங் ராஜாவின் தேயிலை, காய்கறித் தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்த வண்டி லேண்ட்ரோவர். 1948இல் பிறந்த அவ்வண்டியின் பழைய வகைகளில் கைப்பிரேக் சக்கரத்தைப் பற்றுவதன்று. பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டையே பற்றும். பின்சக்கர விசையில் மட்டும் நிற்கும் வண்டியில், டயர் மாற்றப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால் என்னாகும்? தூக்கிய சக்கரம் ஒருபுறம் சுழல, தரையிலுள்ளது மறுபுறம் உருளும். கைப்பிரேக் இழுத்தபடியே இருக்க, வண்டி சரிவில் இறங்கிவிடும்! கீழே கொழுந்து கிள்ளி நிற்போரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆதலின் சக்கரத்தடியில் கட்டை வைப்பதை வெறும் பழைய வழக்கம் என்று தள்ளலாகாது. எதற்கெடுத்தாலும் 'முன்னேற்றத்திற்கு முட்டுக்கட்டை' என மேடையில் முழங்குவோர் சரிவில் வண்டி நிறுத்தியறியார் போலும்.

இக்காலக் கார்களின் கைப்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பற்றுகிறது. ஆயினும் அதனை இழுக்கும் கம்பி நாளடைவில் தளரும். மலைமழையில் துருவும் ஏறும். ஆளில்லாத மென்சரிவில் கால்பிரேக்கை மிதித்து, கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இழுத்தபின் காலை மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். வண்டி விரலளவு நகர்ந்தாலும் அன்றே பட்டறைக்குக் கொண்டு செல்க.