எல்லையூர்க் கிறித்தவத்தில் ஞானமும் நாவும்

கள்ளிக்காடு, கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாறு அணையை அடுத்துள்ள ஊராட்சி. பாறசாலைச் சட்டமன்றத் தொகுதியில் அடங்கியது. இது போன்ற பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையூர்கள் 1956 நவம்பர் 1 வரை, இன்று தமிழ்நாட்டில் உள்ள கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு ஒரே அரசின்கீழ் இருந்தன. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் நாடு இது. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயிலிருந்து தொடங்கும் லண்டன் மிஷன் மரபு இங்கே தென்னிந்தியத் திருச்சபையாகத் தொடர்கிறது. 1996இல் உருவான நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் லத்தீன் கத்தோலிக்கர்களுடையது. ஞானம், பேச்சு, கூடி வாழ்தல் ஆகியவை பற்றி இவ்விரு மரபுகளும் போதிப்பதைக் கோள் சொல்லாதே, கோபத்தில் வாய் விடாதே என்ற நாவடக்கப் பாடமாகச் சுருக்கிக் கொள்வதே வழக்கம். இந்த ஊர்களின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அந்தச் சுருக்கம் போதாது. பேச்சறத்தின் முதல் கேள்வி, ஒருவன் தன்னையும் பிறனையும் எந்தச் சொல்லால் குறிக்கிறான் என்பதே.

மூல நூல்களே இதற்குச் சான்று. நாவின் தீமையை விரிவாகப் பேசும் இடம் யாக்கோபின் நிருபத்தில் 3ஆம் அதிகாரம். எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அதற்கு முந்தைய அதிகாரமோ சபைக்குள் நுழையும் செல்வனை மரியாதையாக உட்காரச் சொல்லி, ஏழையைக் காலடியில் ஒதுக்கும் பேச்சைக் கண்டிக்கிறது. இரண்டையும் பிரித்துப் படித்தால்தான் நாவு தனிமனிதனின் குணக்கேடாகத் தெரியும். சேர்த்துப் படித்தால், மனிதரைத் தரம்பிரிக்கும் பேச்சே முதல் குற்றமாக நிற்கிறது. மனிதனைச் சபிக்கக் கூடாது என்பதற்கு அந்நிருபம் தரும் காரணமும் அவன் கடவுளின் சாயல் என்பதுதான்; சபிப்பவனின் மன அமைதி கெடும் என்பதன்று. நீதிமொழிகளும், கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் சீராக்கின் ஞானமும் அளந்து பேசுவதைப் புகழ்கின்றன என்பது உண்மையே. ஆனால் நீதிமொழிகளின் கடைசி அதிகாரம், வாயற்றவனுக்காக வாய்திறக்கும்படி அரசனுக்குக் கட்டளையிடுகிறது.

இந்தப் போதனை வந்து சேர்ந்த நாட்டில், நாவு ஏற்கெனவே சாதியின் கருவியாகியிருந்தது. பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றிய லண்டன் மிஷன் மிஷனரி சாமுவேல் மெட்டீர், 1871இல் வெளியிட்ட ‘தர்ம பூமி’ எனப் பொருள்படும் ஆங்கில நூலில், அடிமைச் சாதியாக வைக்கப்பட்டிருந்த புலையர்மேல் சுமத்தப்பட்ட பேச்சு முறையைப் பதிவு செய்திருக்கிறார். மேல்சாதியார் முன் ‘நான்’ என்று அவர்கள் சொல்லக் கூடாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தம் சோற்றைச் சோறு என்னாமல் ‘கரிக்காடி’ (அழுக்குக் கஞ்சி) என்றும், தம் பிள்ளைகளைக் குரங்கு, கன்று என்றும் குறிக்க வேண்டும். மூச்சுக் காற்று எதிரில் நிற்பவரைத் தீட்டுப்படுத்தாதிருக்க வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அதன் இலக்கணம் இப்படி வாய்களில் உயிரோடு இருந்தது. இந்தப் பின்னணியில் ஞாயிறு வழிபாட்டின் விசுவாசப் பிரமாணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழில் ‘விசுவாசிக்கிறேன்’ என்ற வினையின் விகுதியிலேயே ‘நான்’ இருக்கிறது. மலையாள வினைக்கு அந்த விகுதி இல்லை. ஆகவே ‘ஞான்’ என்று வாய்திறந்து சொல்லியாக வேண்டும். வயலில் மறுக்கப்பட்ட ஒரு சொல் கோவிலில் வாரந்தோறும் கடமையாயிற்று. நாவடக்கம் பற்றிய எத்தனையோ பிரசங்கங்களைவிட இந்த ஒரு சொல்லுக்கு வலிமை அதிகம் என்பது என் துணிபு.

கிறித்தவ ஜெபமும் ‘அடியேன்’ என்கிறதே, அடிமைச் சொல் எங்கே ஒழிந்தது என்று கேட்கலாம். சொல் பழையதுதான், அது நிற்கும் இடம் வேறு. நிலம் உடையவனும் அதில் உழைப்பவனும் ஒரே கடவுள் முன் அடியேன் என்னும்போது, ஒருவன் மற்றவனுக்கு அடியனாக இருக்கும் நியாயம் தளர்கிறது. அடுத்த தடை இன்னும் கனமானது: பொறுமையும் மௌனமும் போதித்துச் சபை ஏழையை அடக்கி வைக்கவில்லையா? அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் 1847இல் திருவிதாங்கூர் மிஷனரிகள் அடிமைகளுக்காக மகாராஜாவிடம் விண்ணப்பம் கொடுத்ததும் அதே போதனையால்தான். பேசு என்பதும் பேசாதே என்பதும் யாரிடம் சொல்லப்படுகின்றன என்பதில் ஞானம் இருக்கிறது. வலியவனுக்குச் சொல்ல வேண்டிய அடக்கத்தை எளியவனுக்குச் சொன்னால் அது ஞானமன்று.

சபைக்குள்ளேயே சாதி இருந்ததை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது. தலித் போதகரான பொய்கையில் யோகன்னான் சபைகளைவிட்டு வெளியேறிப் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கியது அந்தக் காயத்தால்தான். இது போதனை பொய் என்பதைக் காட்டவில்லை. யாக்கோபின் இரண்டாம் அதிகாரத்தைச் சபையார் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையே காட்டுகிறது. இந்த அறம் கிறித்தவர்க்கு மட்டும் உரியதுமன்று. இனியவை கூறலுக்கும் புறங்கூறாமைக்கும் திருக்குறள் தனித்தனி அதிகாரம் வைத்திருக்கிறது. 1888இல் சாதித் தடையை மீறி நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவிய அருவிப்புறம் இதே நெய்யாற்றங்கரையில் இருக்கிறது. ஒரு புலையச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்கப் புலையர் தலைவர் அய்யன்காளி போராடிய ஊரூட்டம்பலமும் இப்பகுதியே. கிறித்தவம் தனித்துச் சேர்த்தது, எழுத்தறிவோடு கூடிய பொது வாசிப்பும், ஒரே வாக்கியத்தை எல்லாரும் ஒருசேரச் சொல்லும் வழக்கமும்தான்.

இன்று கரிக்காடி என்று யாரும் தம் சோற்றைச் சொல்வதில்லை. ஆனால் கல்லறைக் குழி வெட்டுபவரையும் கோவில் முற்றம் பெருக்கும் அம்மையையும் சபைக் கமிட்டியார் எப்படி அழைக்கிறார்கள், ‘நீ’ என்றா ‘நீங்கள்’ என்றா? பேச்சைப் பற்றிப் பிரசங்கிக்கும் ஒவ்வொரு சபையும் அங்கிருந்து தொடங்க வேண்டும்.